2 டாலர் 13 சென்ட்: அமெரிக்க உணவகங்களில் டிப்ஸ் எப்படிச் சம்பளமாயிற்று

படிப்புக்காகவோ வேலைக்காகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ அமெரிக்கா செல்லும் தமிழர்களை முதல் வாரத்திலேயே குழப்பும் விஷயங்களில் ஒன்று டிப்ஸ். உணவகத்தில் 40 டாலருக்குச் சாப்பிட்டால், நம் அட்டையை வாங்கிச் சென்ற சர்வர் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் ரசீதில் டிப் எழுதுவதற்கு ஒரு வெற்றுக் கோடும், அதையும் கூட்டி மொத்தத் தொகை எழுதுவதற்கு இன்னொரு கோடும் இருக்கும். சில கடைகளில் 18, 20, 22 சதவீதத்துக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கையும் போட்டு அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள். விலைப்பட்டியலில் இல்லாத அந்த 8 டாலரை ஏன் தரவேண்டும் என்று கேட்டால், "இங்கே அப்படித்தான்" என்ற பதிலுக்கு மேல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்தப் பதில் போதாது. அமெரிக்காவில் டிப்ஸ் கூலிச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்ட ஓர் ஏற்பாடு. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால்தான் நாம் கொடுக்கும் 8 டாலரில் எவ்வளவு ஊழியருக்குப் போகிறது, எவ்வளவு முதலாளியின் செலவைக் குறைக்கிறது என்பது விளங்கும்.

அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் நிர்ணயிக்கப்பட்ட இத்தொகை அதற்குப் பின் உயர்த்தப்படவே இல்லை. ஆனால் மாதத்துக்கு 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் பெறும் வேலையில் ஒருவர் இருந்தால், அவருக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று அதே சட்டம் அனுமதிக்கிறது. மீதமுள்ள 5.12 டாலரை வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். இதற்கு டிப் கிரெடிட் என்று பெயர். அதாவது, ஊழியருக்கு நாம் கொடுத்த பணம் முதலாளி கொடுக்கவேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதியாக வரவு வைக்கப்படுகிறது. டிப்ஸும் 2.13 டாலரும் சேர்ந்து 7.25 டாலரை எட்டவில்லை என்றால் குறையும் தொகையை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்பது இதில் உள்ள பாதுகாப்பு.

தாளில் நியாயமாகத் தோன்றும் இந்தப் பாதுகாப்பு நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெக்சாஸ் மாநிலம் மத்திய அரசின் அளவையே பின்பற்றுகிறது. அங்கே ஓர் உணவகத்தில் ஒருவர் வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கொடுக்கும் சம்பளம் 63 டாலர் 90 சென்ட். சட்டப்படி அவருக்குக் கிடைக்கவேண்டிய குறைந்தபட்சம் 217 டாலர் 50 சென்ட். அந்த வாரம் 300 டாலர் டிப்ஸ் வந்தால், அதில் முதல் 153 டாலர் 60 சென்ட் முதலாளி தரவேண்டிய பாக்கியை அடைப்பதற்கே போய்விடுகிறது. அதற்கு மேல் உள்ளதுதான் ஊழியருக்கு உண்மையான கூடுதல் வருமானம். அந்த வாரம் 100 டாலர்தான் வந்தது என்றால் 53 டாலர் 60 சென்ட்டை முதலாளி சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

இந்தக் கணக்கு நாளுக்கு நாள் பார்க்கப்படுவதில்லை, வாரத்துக்கு ஒரு முறைதான் பார்க்கப்படுகிறது என்பது முக்கியம். ஈ ஓட்டும் செவ்வாய்க்கிழமை மதியம் 6 மணி நேரம் நின்று அந்த ஊழியர் 10 டாலர் டிப்ஸ்தான் பெற்றார் என்றால், சம்பளத்தையும் சேர்த்து அன்று அவர் கையில் 22 டாலர் 78 சென்ட், 7.25 டாலர் வீதப்படி அன்றைய வேலைக்கு 43 டாலர் 50 சென்ட் வரவேண்டும். ஆனாலும் சனிக்கிழமை இரவு கூட்டம் கொடுத்த டிப்ஸ் அந்தக் குறையை நிரப்பிவிட்டால் முதலாளி ஒரு சென்ட்டும் கூடுதலாகத் தரவேண்டியதில்லை. வியாபாரம் மந்தமான நாளின் நட்டம் ஊழியரின் தலையில் விழுகிறது. கடையை எந்த நேரத்தில் திறந்து வைப்பது, எத்தனை பேரை நிறுத்துவது என்று முடிவெடுப்பவர் முதலாளி. அந்த முடிவு தவறும்போது அதற்கு விலை கொடுப்பவர் சர்வர்.

டிப்ஸே வராத வேலையும் இதே வீதத்தில் நடக்கிறது. கடை திறப்பதற்கு முன் வரும் சர்வர் துணி நாப்கின்களில் முள்கரண்டியையும் கத்தியையும் வைத்துச் சுற்றி அடுக்குகிறார், உப்பு மிளகுக் குப்பிகளை நிரப்புகிறார், எலுமிச்சை நறுக்குகிறார், கடை மூடிய பின் நாற்காலிகளைத் துடைக்கிறார். அந்த நேரத்தில் டிப்ஸ் கொடுக்க யாரும் அங்கே இல்லை. இத்தகைய வேலைக்கு 2.13 டாலர் வீதத்தைப் பயன்படுத்துவதற்கு மத்தியத் தொழிலாளர் துறை 2021-இல் ஒரு வரம்பு விதித்தது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது.

கிடைத்த டிப்ஸும் முழுவதுமாக அவர் கையில் நிற்பதில்லை. பல உணவகங்களில் மேசையைத் துடைப்பவருக்கும், தட்டுகளைக் கொண்டுவருபவருக்கும், மதுக்கூடத்தில் இருப்பவருக்கும் சர்வர் தன் டிப்ஸிலிருந்து பங்கு தரவேண்டும். இதை டிப் அவுட் என்கிறார்கள். சில கடைகளில் இந்தப் பங்கு டிப்ஸின் அளவை வைத்துக் கணக்கிடப்படாமல் விற்பனையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விற்பனையில் 4 சதவீதம் என்று ஒரு கடையில் விதி இருந்தால், 200 டாலருக்குச் சாப்பிட்ட ஒரு குடும்பம் ஒன்றும் வைக்காமல் எழுந்து போகும்போது, அந்த மேசைக்காக 8 டாலரை மற்ற மேசைகளில் சம்பாதித்ததிலிருந்து சர்வர் எடுத்துக் கொடுக்கவேண்டியிருக்கும். பிடித்தங்கள் வேறு இருக்கின்றன. டிப்ஸுக்கும் சேர்த்து வரும் சமூகப் பாதுகாப்பு (அரசின் ஓய்வூதியத் திட்டம்), மெடிகேர் (முதியோருக்கான மருத்துவக் காப்பீடு), வருமான வரிப் பிடித்தங்கள் எல்லாம் அந்த 63 டாலர் 90 சென்ட் சம்பளத்திலிருந்தே எடுக்கப்படுவதால், சம்பளச் சீட்டில் மிஞ்சுவது சில டாலர்களாகவோ பூஜ்யமாகவோ இருப்பது இந்தத் தொழிலில் அசாதாரணமானது அல்ல.

இப்படி ஒரு சட்டம் எப்படி வந்தது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஐரோப்பாவுக்குப் போய்வந்த பணக்காரர்கள் வழியாக அமெரிக்காவுக்கு வந்த டிப்ஸ் பழக்கத்தை அங்கே பலர் தொடக்கத்தில் வெறுத்தார்கள். குடியரசில் ஒருவர் இன்னொருவரிடம் கையேந்தி நிற்கலாமா என்று கேட்டார்கள். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடைசெய்தது. மேலும் ஆறு மாநிலங்கள் அதே வழியில் சட்டம் இயற்றின. 1926-க்குள் அவை அனைத்தும் நீக்கப்பட்டன. அடிமை முறை ஒழிந்த பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வேலைக்கு எடுத்துக்கொண்ட முதலாளிகளில் பலருக்கு, சம்பளத்தைக் குறைத்து டிப்ஸை நம்பவைப்பது வசதியாக இருந்தது. இதன் மிகத் தெளிவான உதாரணம் 1867-இல் தொடங்கப்பட்ட புல்மன் நிறுவனம். அதன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலை செய்த போர்ட்டர்கள் ஏறத்தாழ எல்லோருமே கறுப்பினத்தவர்கள். படுக்கை விரிப்பது, காலணி துடைப்பது, பெட்டி தூக்குவது, இரவெல்லாம் மணி அடித்தால் ஓடுவது என்று மாதத்துக்கு 400 மணி நேரம் வரை உழைத்தார்கள். சம்பளம் வாழப் போதாது. பயணிகள் கொடுக்கும் டிப்ஸில்தான் குடும்பம் நடந்தது. பயணிகளில் பலர் அவர்களைப் பெயர் கேட்காமல், நிறுவன முதலாளியின் பெயரான "ஜார்ஜ்" என்றே அழைத்தார்கள். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். 12 ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1937-இல் நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. மாத வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது. டிப்ஸை நம்பி வாழ்ந்தவர்கள் சம்பளத்துக்காகத்தான் போராடினார்கள் என்பது இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செய்தி.

அடுத்த ஆண்டு, 1938-இல், நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது உணவக, விடுதி ஊழியர்களில் பெரும்பாலோர் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டார்கள். 1966-இல்தான் சட்டம் திருத்தப்பட்டு அவர்கள் உள்ளே வந்தார்கள். வரும்போதே டிப் கிரெடிட்டும் கூட வந்தது: குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி வரை டிப்ஸைக் கொண்டு ஈடுகட்டலாம் என்று முதலாளிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1991-இல் குறைந்தபட்ச ஊதியம் 4.25 டாலராக இருந்தபோது அதில் பாதியாகக் கணக்கிடப்பட்டதுதான் 2.13. பின்னர் 1996-இல் குறைந்தபட்ச ஊதியம் உயர்த்தப்பட்டபோது, அதோடு சேர்ந்து உயரவேண்டிய இந்தத் தொகை அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து வாடகையும் மருத்துவச் செலவும் மளிகை விலையும் ஏறிக்கொண்டே போக, 2.13 மட்டும் 2.13 ஆகவே இருக்கிறது. முன்பெல்லாம் 15 சதவீதம் தாராளம் என்று கருதப்பட்ட நாட்டில் இன்று 20 சதவீதம் வழக்கமாகியிருப்பதன் பின்னணியில் இந்த உறைந்த கூலிக்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லா மாநிலங்களிலும் நிலைமை இப்படி அல்ல. கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட் இல்லை; அங்கே சர்வருக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும், டிப்ஸ் அதற்கு மேல். தமிழர்கள் நிறைய வாழும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். 2025-இல் கலிபோர்னியாவின் குறைந்தபட்ச ஊதியம் 16.50 டாலர், ஃப்ரீமான்ட்டில் தோசை கொண்டுவந்து வைக்கும் சர்வருக்கு முதலாளி அதற்குக் குறையாமல் கொடுக்கவேண்டும். அதே ஆண்டு நியூ ஜெர்சியின் குறைந்தபட்ச ஊதியம் 15.49 டாலர், ஆனால் எடிசனில் அதே தோசையைக் கொண்டுவரும் சர்வருக்கு முதலாளி கையிலிருந்து 5.62 டாலர் கொடுத்தால் சட்டப்படி போதும். இரண்டு ஊரிலும் நாம் 20 சதவீதம் வைக்கிறோம். ஃப்ரீமான்ட்டில் அது சம்பளத்தின் மேல் வைக்கும் தொகை. எடிசனில் அதன் பெரும்பகுதி சம்பளமேதான்.

டிப்ஸ் இருந்தால்தான் நல்ல சேவை கிடைக்கும் என்பது இந்த முறைக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லின் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிகவும் மெலிந்தது என்பதே அவருடைய ஆய்வுகளில் தெரிந்தது. பெரும்பாலானவர்கள் சேவை எப்படி இருந்தாலும் தங்கள் வழக்கமான சதவீதத்தைத்தான் வைக்கிறார்கள். அவரும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வில், அதே அளவு நன்றாகப் பரிமாறினாலும் கறுப்பின சர்வர்களுக்கு வெள்ளையர்களைவிடக் குறைவான டிப்ஸ் கிடைத்தது. ஓர் அலுவலகத்தில் நிறம் பார்த்துச் சம்பளம் கொடுத்தால் வழக்குப் போடலாம். சம்பளத்தை ஆயிரம் வாடிக்கையாளர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தீர்மானிக்கும்போது யார்மீது வழக்குப் போடுவது? பெண் ஊழியர்களின் நிலை இன்னும் கடினமானது. அத்துமீறிப் பேசும் அல்லது தொடும் வாடிக்கையாளர்தான் அன்றைய வாடகைப் பணத்தையும் கையில் வைத்திருக்கிறார் என்றால், முகம் சுளிக்கக்கூட ஒரு பெண் இரண்டு முறை யோசிக்கவேண்டியிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே டிப் கிரெடிட் ஒழியவேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் இதை ஒழிப்பதை எதிர்ப்பவர்களில் முதலாளிகள் மட்டும் இல்லை, சர்வர்களும் இருக்கிறார்கள். விலை உயர்ந்த உணவகத்தில் வெள்ளி, சனி இரவுகளில் வேலை செய்பவர் டிப்ஸால் நல்ல வருமானம் பெறுகிறார். சம்பளம் உயர்ந்தால் விலை உயரும், டிப்ஸ் குறையும், தன் வருமானம் சரியும் என்பது அவருடைய அச்சம். மெய்ன் மாநிலத்தில் 2016-இல் வாக்காளர்கள் டிப் கிரெடிட்டை நீக்க வாக்களித்தார்கள். சர்வர்களே திரண்டு எதிர்த்ததால் அடுத்த ஆண்டே சட்டமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். தலைநகர் வாஷிங்டனில் 2018, 2022 என இரண்டு முறை மக்கள் ஒழிக்கச் சொல்லி வாக்களித்தும், மாநகர மன்றம் முதல் முறை அதை ரத்து செய்தது, இரண்டாம் முறை 2025-இல் அதைத் தளர்த்தியது. சிகாகோ 2023-இல் சட்டம் இயற்றி, 2028-க்குள் படிப்படியாக டிப் கிரெடிட்டை நீக்கத் தீர்மானித்தது.

டிப்ஸே வேண்டாம், விலையிலேயே சேர்த்துவிடுவோம் என்று முயன்றவர்களும் உண்டு. நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவக முதலாளி டேனி மேயர் 2015-இல் தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தத் தொடங்கினார். அந்த மாநிலச் சட்டப்படி டிப்ஸில் சமையலறை ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்க முடியாது. ஆகவே சமைப்பவர் பரிமாறுபவரைவிட மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் நிலையை மாற்ற அவர் விரும்பினார். நோக்கம் நல்லதுதான். ஆனால் பக்கத்துக் கடை விலைப்பட்டியலில் குறைவாகத் தெரியும் விலை வாடிக்கையாளரை இழுக்கிறது, அங்கே கிடைக்கும் டிப்ஸ் சர்வரை இழுக்கிறது. 2020-இல் அவர் அந்த முயற்சியைக் கைவிட்டார். தனி ஒரு முதலாளி நல்லெண்ணத்தால் மட்டும் இதை மாற்றிவிட முடியாது, எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும் என்பதற்கு அந்த அனுபவம் நல்ல சான்று. பிரான்ஸில் 1980-களிலிருந்தே சேவைக்கான தொகை விலையிலேயே அடங்கியிருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே மேசையில் விடும் சில்லறை உண்மையிலேயே விருப்பத்தின்பேரில் விடுவது.

கைப்பேசிச் செயலி வழியாக வீட்டுக்கு உணவும் பொருளும் கொண்டுவருபவர்களின் நிலை இதே கதையின் புதிய அத்தியாயம். டோர்டாஷ் நிறுவனம் சில ஆண்டுகள் ஒவ்வொரு டெலிவரிக்கும் ஒரு தொகையை உறுதியளித்து, வாடிக்கையாளர் டிப்ஸ் கொடுத்தால் அந்த அளவுக்குத் தன் பங்கைக் குறைத்துக்கொண்டது. வாடிக்கையாளர் தாராளமாகக் கொடுத்தாலும் ஊழியருக்கு வரும் மொத்தம் பெரும்பாலும் மாறவில்லை. 2019-இல் எழுந்த கண்டனத்துக்குப் பின் அந்த முறை கைவிடப்பட்டது; இதன் தொடர்பான நியூயார்க் அரசின் விசாரணை, 2025-இல் நிறுவனம் 1.675 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட சமரசத்தில் முடிந்தது. அமேசான் தன் டெலிவரித் திட்டமான ஃபிளெக்ஸின் ஓட்டுநர்களின் டிப்ஸைக் கொண்டு சம்பளத்தை ஈடுகட்டியது என்ற குற்றச்சாட்டில் அந்நிறுவனம் 2021-இல் மத்திய வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட சமரசத் தொகை 6.17 கோடி டாலர். சம்பளத்துக்கும் டிப்ஸுக்கும் இடையே சட்டம் உறுதியான சுவர் எழுப்பாத இடத்தில் இப்படித்தான் நடக்கும். 2023 இறுதியில் நியூயார்க் நகரம் உணவு டெலிவரி ஊழியர்களுக்கு மணிக்கு 17.96 டாலர் என்று குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது அந்தச் சுவரை எழுப்பும் முயற்சி.

2025 ஜூலையில் வந்த வரிச் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். டிப்ஸுக்கு இனி வரி இல்லை என்று அது பேசப்பட்டாலும், உண்மையில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்கு 2028 வரை வருமான வரிக் கழிவு மட்டுமே கிடைக்கிறது. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தங்கள் தொடர்கின்றன. வருமான வரி கட்டும் அளவுக்கே சம்பாதிக்காத சர்வருக்கு இதனால் பலன் இல்லை. 2.13 டாலரையும் அது தொடவில்லை.

நம் ஊரோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். தமிழ்நாட்டில் உணவக, விடுதி வேலைக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கிறது. டிப்ஸ் வருகிறது என்பதற்காக அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாம் என்ற தனி வீதம் இங்கே இல்லை. அந்த ஊதியம் எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பது கவலைக்குரிய கேள்விதான். ஆனால் மேசையில் நாம் வைக்கும் 20 ரூபாய் சட்டப்படி சம்பளத்தின் பகுதி அல்ல. இங்கே எழுந்த சர்ச்சை பில்லில் தானாகச் சேர்க்கப்படும் சேவைக் கட்டணம் பற்றியது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைத் தடுத்து வெளியிட்ட வழிகாட்டுதல்களை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது.

அமெரிக்காவில் அந்தச் சேவைக் கட்டணத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஆறு பேருக்கு மேல் போனால் 18 சதவீதம் தானாகச் சேர்க்கப்படும் என்று பல உணவகங்களில் எழுதியிருக்கும். மத்தியச் சட்டப்படி கட்டாயமாக வசூலிக்கப்படும் அந்தத் தொகை டிப்ஸ் ஆகாது, அது உணவகத்தின் வருமானம். ஊழியருக்குப் பங்கிடுவது பெரும்பாலும் முதலாளியின் விருப்பம். நாமே கோட்டில் எழுதும் டிப்ஸையோ 2018-இல் வந்த திருத்தத்தின்படி முதலாளியும் மேலாளரும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே பில்லில் ஏற்கெனவே கட்டணம் சேர்ந்திருந்தால், அது உங்களுக்கு வருகிறதா என்று சர்வரிடம் நேராகக் கேட்பதில் தவறே இல்லை. அவர்கள் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மேசையில் உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிடும் இடத்தில் வரிக்கு முந்தைய தொகையில் 15 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். டிப் கிரெடிட் உள்ள மாநிலத்தில் அதைக் கூலி என்று நினைத்தே வைக்கவேண்டும். சாப்பாடு தாமதமானால் அது பெரும்பாலும் சமையலறையின் தாமதம். மேலாளரிடம் சொல்லலாம், சர்வரின் கூலியை நிறுத்துவது தீர்வாகாது. காபிக் கடையிலும் ரொட்டிக் கடையிலும் பணம் செலுத்தும் திரையைத் திருப்பிக் காட்டி 18, 20, 25 சதவீதம் கேட்பது வேறு வகை. அங்கே கவுன்ட்டரில் நிற்பவர்கள் பொதுவாக முழுக் குறைந்தபட்ச ஊதியம் பெறுபவர்கள். ஒரு டாலர் கொடுக்க மனம் வந்தால் கொடுக்கலாம், இல்லை என்ற பொத்தானை அழுத்தினாலும் யாருடைய சம்பளமும் குறையாது.